தந்திகளின் வாலைப் பிடித்து நிற்பது எது?
ஆர்ச்டாப் கிட்டாரின் டெயில்பீஸ்

தந்தி வாத்தியம் எதுவாயினும், நம் பார்வை முதலில் செல்வது வாசிப்பவரின் விரல்களின் மீதுதான். தந்தியை மீட்டும் விரலையும், அழுத்தும் விரலையும் பார்க்கிறோம். முறுக்காணிகளையும் சிலர் கவனிப்பதுண்டு. ஆனால் அந்தத் தந்தி மறுமுனையில் எங்கே போய் முடிகிறது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. வீணையில் தந்திகள் குதிரையைத் தாண்டிச் சென்று நாகபாசத்தில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. வயலினில் கறுப்பு நிறமான ஒரு துண்டு, குதிரைக்குப் பின்னால் அந்தரத்தில் நின்றுகொண்டு நான்கு தந்திகளையும் பிடித்திருக்கிறது. அதற்கு டெயில்பீஸ் என்று பெயர். வால் முனையில் உள்ள உறுப்பு என்பது பொருள்.

அமெரிக்க ஜாஸ் இசையில் புகழ்பெற்ற ஆர்ச்டாப் கிட்டாருக்கும் இத்தகைய டெயில்பீஸ் உண்டு. அழகுக்காகப் பொருத்திய உலோகத் தகடு போல அது தோற்றமளிக்கும். உண்மையில், மிகுந்த உழைப்பில் செதுக்கப்பட்ட ஒரு மேற்பலகை நெடுங்காலம் நிமிர்ந்து நிற்பதும், சில ஆண்டுகளிலேயே அமிழ்ந்து போவதும் ஓரளவு இந்தத் துண்டைப் பொறுத்தவை. ஆகவே, அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது வெறும் அலங்காரக் கேள்வியன்று. பள்ளியில் நாம் படிக்கும் விசையியலும் ஒலியியலும் நேரடியாகப் பயன்படும் கேள்வி.

வயலினிடம் கற்ற கிட்டார்

சாதாரணக் கிட்டாரின் மேற்பலகை தட்டையானது. அதன் குதிரை பலகையின் மீது பசையால் ஒட்டப்பட்டிருக்கும். தந்திகளும் அந்தக் குதிரையிலேயே முடிந்துவிடும். ஆகவே தந்திகளின் இழுவிசை முழுவதையும் அந்த ஒட்டுதான் தாங்க வேண்டும். தந்திகள் குதிரையை முன்புறமாகச் சாய்க்க முயலும். பலகை சற்றே முறுக்கப்படும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமஜூ நகரில் வாழ்ந்த ஆர்வில் கிப்சன் என்ற கைவினைஞர் வேறு வழியில் சிந்தித்தார். வயலினைப் போல, தடித்த மரத்தைச் செதுக்கி வில்வளைவாக ஆக்கிய மேற்பலகையை மாண்டலினுக்கும் கிட்டாருக்கும் அமைத்தார். 1898இல் தமது மாண்டலின் அமைப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் பெயரால் 1902இல் ஒரு நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனம் 1922இல் எல்-5 என்ற கிட்டாரை வெளியிட்டது. அப்போது அங்கே பணியாற்றிய லாய்டு லோர் என்பவரின் மேற்பார்வையில் உருவான அந்தக் கருவியில், வட்டத் துளைக்குப் பதில் வயலினில் உள்ளவை போன்ற இரு நீண்ட வளைந்த துளைகள் இருந்தன. ஆர்ச்டாப் கிட்டார்களின் முன்மாதிரியாக எல்-5 நிலைத்துவிட்டது.

ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், ஊதுகுழல்களும் முரசுகளும் முழங்கும் ஜாஸ் குழுவின் நடுவே கிட்டாரின் தாளம் கேட்டாக வேண்டும். அதற்காகக் கருவிகள் மேலும் பெரியனவாயின. 1934இல் வந்த சூப்பர் 400 என்ற கிட்டாரின் அகலம் 18 அங்குலம், அதாவது ஏறத்தாழ 46 செ.மீ.; விலை 400 டாலர். கவுண்ட் பேசியின் குழுவில் 1937 முதல் 1987இல் இறக்கும் வரை தாளக் கிட்டார் வாசித்த ஃபிரெடி கிரீன் இத்தகைய கிட்டார்களைத்தான் கையாண்டார்.

இக்கருவியின் மேற்பலகை பொதுவாக ஸ்புரூஸ் மரத்தால் ஆனது. நடுவில் ஏறத்தாழ 6 மி.மீ. கனமும் ஓரங்களை நெருங்கும்போது 3 மி.மீ. கனமும் இருக்கும்படி செதுக்குவர். குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகள் கீழ்நோக்கி அழுத்தும் விசையினால் மட்டுமே அது தன் இடத்தில் நிற்கிறது. தந்திகளின் இழுவிசையைத் தாங்குவது டெயில்பீஸ். அது உடலின் வால் முனையில், உள்ளே பதித்த கனத்த கட்டையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆக, இழுப்பதைத் தாங்க ஓர் உறுப்பு, அழுத்தத்தைத் தாங்க வேறோர் உறுப்பு என வேலை இரண்டாகப் பிரிக்கப்படுகிறது.

விசைக் கணக்கு

நடுத்தரக் கனமுள்ள எஃகுத் தந்திகள் ஆறையும் சுருதி கூட்டினால், அவற்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். வளர்ந்த மனிதர் ஒருவர் அந்த டெயில்பீஸில் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதாகக் கொள்ளலாம்! ஒப்பிட்டுப் பார்த்தால், வயலினின் நான்கு தந்திகளுக்கும் சேர்த்து 22 முதல் 25 கிலோகிராம் எடைதான்.

இந்த 70 கிலோகிராமும் மேற்பலகையை அழுத்துவதில்லை. எவ்வளவு பங்கு அழுத்துகிறது என்பதைத் தீர்மானிப்பது ஒரு கோணம். தந்தி கழுத்திலிருந்து குதிரை வரை ஒரு நேர்கோட்டில் வருகிறது. குதிரையைத் தாண்டியதும் டெயில்பீஸை நோக்கிச் சற்றே கீழே வளைகிறது. இந்த வளைவுக் கோணம் சுழியமாக இருந்தால் குதிரையின் மேல் அழுத்தமே இராது. இரு மரங்களுக்கிடையே விறைப்பாகக் கட்டிய துணிக்கொடியின் நடுவே ஒரு கவைக்கோலை முட்டுக்கொடுத்து உயர்த்திப் பாருங்கள். கோலை உயர்த்த உயர்த்தக் கயிறு அதனைக் கீழே அழுத்தும் விசையும் வளரும். குதிரையும் இத்தகைய முட்டுக்கோல்தான்.

இழுவிசையை இரண்டால் பெருக்கி, வளைவுக் கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் மீண்டும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். 70 கிலோகிராம் இழுவிசைக்கு,

வளைவுக் கோணம் 8 பாகையானால் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோகிராம்;
13 பாகையானால் ஏறத்தாழ 16 கிலோகிராம்;
16 பாகையானால் ஏறத்தாழ 19½ கிலோகிராம்.

கோணம் இருமடங்கானால் அழுத்தமும் ஏறத்தாழ இருமடங்காவதை இதிலிருந்து காணலாம். டெயில்பீஸைச் சில மில்லிமீட்டர் தாழ்த்தினாலோ, குதிரைக்கு அருகே கொண்டுவந்தாலோ கோணம் மிகும். செதுக்கிய பலகையின் மீது இரண்டு மூன்று கிலோகிராம் சுமை கூடிவிடும். அந்தச் சுமை ஒருநாள் சுமையன்று. ஆண்டுக்கணக்கில் இறங்காத சுமை. மரம் மெல்ல மெல்ல இணங்கிக்கொடுக்கும் இயல்புடையது. பழைய ஆர்ச்டாப் கிட்டார்கள் சிலவற்றில் குதிரையின் அடியில் பலகை அமிழ்ந்திருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அமிழ்ந்த வளைவைச் சீராக்குவது கடினமான, செலவு மிக்க வேலை.

அப்படியானால் அழுத்தத்தை இயன்றவரை குறைத்துவிடலாமா? அதுவும் தகாது. ஒட்டப்படாத குதிரை, மீட்டும் வேகத்தில் இடம்பெயரும். தந்தி தன் பள்ளத்தில் சரியாக அமராமல் கரகரக்கும். ஆகவே வளைவுக் கோணம் ஏறத்தாழ 10 பாகைக்கும் 16 பாகைக்கும் இடையே அமைவது வழக்கம். அழுத்தம் கூடக் கூட ஒலியும் கூடிக்கொண்டே போகும் என்பது சரியன்று. அசையாமல் அழுத்தும் விசை ஒலியை உண்டாக்குவதில்லை. விரல் தந்திக்குக் கொடுத்த ஆற்றல்தான் ஒலியாக மாறுகிறது. குதிரை பலகையை விட்டு விலகாமல் நிற்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவு போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோகிராமும் பலகைக்குப் பாரமே.

சுரமானி சொல்லும் உண்மை

டெயில்பீஸ் பற்றி இசைக் கலைஞர்களிடையே பரவலாக உள்ள ஓர் எண்ணம் இது: ‘குதிரைக்குப் பின்னாலுள்ள தந்தி நீளம் அதிகமானால், அதே சுருதிக்குத் தந்தியை மேலும் இறுக்க வேண்டியிருக்கும்.’ இது உண்மையா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள சுரமானியை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கம்பியின் ஒரு முனையில் எடைகள் தொங்குகின்றன. இரு கத்திமுனைகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டுமே அதிர்கிறது. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பவை மூன்று: அதிரும் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை. கத்திமுனைக்கு அப்பால் கப்பி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது சூத்திரத்தில் வருவதே இல்லை. கிட்டாருக்கும் இதே விதிதான். குதிரைக்குப் பின்னால் 7 செ.மீ. இருந்தாலும் 15 செ.மீ. இருந்தாலும், ஒரே தந்திக்கு ஒரே சுருதியில் ஒரே இழுவிசைதான்.

ஆனால் விரலுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்று உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும்போது அது சற்று நீள்கிறது. அந்த நீட்சி, குதிரைக்கு முன்னும் பின்னும் உள்ள மொத்த நீளத்தில் பகிரப்படுகிறது. மொத்த நீளம் மிகுந்தால், ஒரே அளவு தள்ளலுக்கு இழுவிசை குறைவாகவே ஏறும். தலைப்பகுதியையும் சேர்த்துக் குதிரை வரை 70 செ.மீ. என்று கொள்வோம். பின்னால் 7½ செ.மீ. இருந்தால் மொத்தம் 77½, 12½ செ.மீ. இருந்தால் 82½. வேறுபாடு ஏறத்தாழ 6 விழுக்காடு. தந்தி குதிரையின் மேல் உராய்வின்றி வழுக்கினால்தான் இந்த அளவும் முழுமையாகக் கிடைக்கும். ஆகவே, நீண்ட வால்பகுதி தந்தியைச் சற்று மென்மையாக உணரச் செய்யும், இழுவிசையை மாற்றாது.

இந்த விளக்கம் தெரிந்தால், நியூயார்க்கின் எபிஃபோன் நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ஃபிரீக்வென்சேட்டர் என்ற டெயில்பீஸையும் சரியாக எடைபோடலாம். அதில் இரண்டு தனித்தனிக் கவைகள் இருந்தன. தடித்த தந்திகள் மூன்றும் குட்டையான கவையிலும், மெல்லிய தந்திகள் மூன்றும் நீண்ட கவையிலும் மாட்டப்பட்டன. தடித்த தந்திகளுக்கு வால்பகுதி நீண்டும் மெல்லியவற்றுக்குக் குறுகியும் அமைந்தது. கீழ்ச்சுரங்களையும் மேல்சுரங்களையும் சமன்செய்வது நோக்கம். இழுவிசையின் வாயிலாக அது நிகழ முடியாது என்பதைச் சுரமானி காட்டிவிட்டது. விரலுணர்விலும் வளைவுக் கோணத்திலும் இரு தொகுதிகளுக்கும் வேறுபாடு உண்டு என்பதே உண்மை. இத்தகைய டெயில்பீஸை விரும்புவோர், தாம் வாங்கும் தடித்த தந்தியின் முழுக்கனப் பகுதி முறுக்காணி வரை எட்டுமா என்பதை முதலில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வால்பகுதியும் பாடும்

குதிரைக்குப் பின்னாலுள்ள குட்டைத் தந்தியை விரலால் சுண்டிப் பாருங்கள். கூர்மையான மணியோசை ஒன்று கேட்கும். இழுவிசையும் தந்தியும் ஒன்றே ஆதலால், அதிர்வெண் நீளத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதிரும் நீளம் 635 மி.மீ., வால்பகுதி 127 மி.மீ. எனில், வால்பகுதியின் அதிர்வெண் ஐந்து மடங்கு. 110 சுழற்சிக்குச் சுருதி கூட்டிய தந்தியின் வால் ஏறத்தாழ 550 சுழற்சியில் பாடும்.

அந்த அதிர்வெண்ணுள்ள சுரத்தை வேறொரு தந்தியில் மீட்டும்போது, ஒத்ததிர்வினால் வால்பகுதியும் தானே ஒலிக்கத் தொடங்கும். தனியாக அமர்ந்து மெதுவாக வாசிப்பவருக்கு அது இனிய எதிரொலியாகத் தோன்றலாம். விரைந்து தாளம் வெட்டி நிறுத்த வேண்டிய ஜாஸ் கலைஞருக்கோ, நிறுத்திய பின்னும் தொடரும் அந்த மணியோசை இடையூறு. இதற்காக டெயில்பீஸை மாற்ற வேண்டியதில்லை. ஒரு துண்டுக் கம்பளித் துணியையோ மென்தோலையோ வால்பகுதித் தந்திகளின் ஊடே பின்னிவிட்டால் ஓசை அடங்கும். பல கலைஞர்கள் கையாளும் எளிய முறை இது.

பித்தளையா, கருங்காலியா?

நியூயார்க்கின் கென்மேர் தெருவில் 1932இல் தொழில் தொடங்கிய ஜான் டி ஏஞ்செலிகோ, படிக்கட்டு வடிவிலான கனத்த பித்தளை டெயில்பீஸுக்குப் புகழ்பெற்றவர். 1964இல் அவர் மறைந்த பின், அவரிடம் தொழில் பயின்ற ஜேம்ஸ் டி அகிஸ்டோ அப்பணியைத் தொடர்ந்தார். டி அகிஸ்டோ பிற்காலத்தில் உலோகத்தைக் கைவிட்டுக் கருங்காலி மரத்தால் டெயில்பீஸ் செய்தார். இன்று பல கைவினைஞர்கள் பின்பற்றுவது அவர் காட்டிய வழியையே.

பித்தளையின் அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்கு ஏறத்தாழ 8½ கிராம். கருங்காலியின் அடர்த்தி 1 முதல் 1.2 கிராம் வரை. ஒரே பருமனுள்ள துண்டானால் பித்தளை ஏழு, எட்டு மடங்கு கனமானது. நடைமுறையில் உலோகத்தை மெல்லிய தகடாகச் செய்ய முடிவதால் வேறுபாடு இவ்வளவு இராது. ஆயினும் மரம் இலேசானதே.

நிறை ஏன் முக்கியம்? டெயில்பீஸ் அந்தரத்தில் நிற்கிறது. ஒருபுறம் தந்திகளும் மறுபுறம் கீலோ கயிறோ அதனைப் பிடித்திருக்கின்றன. சுருள்வில்லில் மாட்டிய குண்டு போல அதற்கும் சொந்த அதிர்வெண் உண்டு. நிறை நான்கு மடங்கானால் அந்த அதிர்வெண் பாதியாகும். கருவி ஒலிக்கும்போது டெயில்பீஸும் சற்றே அசைந்து ஆற்றலின் ஒரு பகுதியை ஏற்கும். எந்தச் சுரங்களில் ஏற்கும் என்பது அதன் நிறையைப் பொறுத்தது. ஆனால் கனத்ததை எடுத்துவிட்டு இலேசானதைப் பொருத்தும்போது, பெரும்பாலும் வளைவுக் கோணமும் வால்பகுதி நீளமும் கூடவே மாறிவிடுகின்றன. கேட்ட மாற்றம் முழுவதற்கும் மரமே காரணம் என்று முடிவு கட்டுவது, இரண்டு மருந்துகளைச் சேர்த்து உண்டுவிட்டு ஒன்றைப் புகழ்வது போன்றது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற அறிவியல் விதி இங்கும் பொருந்தும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, கோணத்தை அளக்க வேண்டும். குதிரைக்கு முன்னாலுள்ள தந்தியின் மேல் நேரான அளவுகோல் ஒன்றை வைத்து, அது குதிரையைத் தாண்டிப் பின்னால் நீளுமாறு பிடியுங்கள். குதிரையிலிருந்து 100 மி.மீ. பின்னால், அளவுகோலுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 14 மி.மீ. எனில் கோணம் 8 பாகை, 23 மி.மீ. எனில் 13 பாகை, 29 மி.மீ. எனில் 16 பாகை. டெயில்பீஸ் 100 மி.மீட்டருக்குள் முடிந்துவிட்டால், 50 மி.மீட்டரில் அளந்து இருமடங்காக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பலகையின் நிலையை அறிய வேண்டும். மெல்லியதாகச் செதுக்கிய பலகைக்கும், வளைவு தாழ்ந்துவரும் பழைய கருவிக்கும் கோணத்தைக் குறைக்கும் டெயில்பீஸே ஏற்றது. உயரத்தைத் திருகாணியால் மாற்றும் வசதி உள்ள வகையோ, உடலின் ஓரத்தில் சற்று உயரமான கருங்காலித் தாங்கியின் மேல் ஏறிச்செல்லும் கயிற்று வகையோ இதற்குப் பயன்படும். குதிரை இடம்பெயரும் கருவிக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, கருவி எப்படி வாசிக்கப்படும் என்பது. மின் ஒலியேற்பி பொருத்திய கிட்டாரில், உலோக டெயில்பீஸ் தந்திகளை மின்சுற்றின் நிலத்தோடு இணைத்து இரைச்சலைக் குறைக்கிறது. மர டெயில்பீஸைப் பொருத்தினால் இந்த இணைப்பு அறுந்துபோகும். தந்தி முனைகளுக்குத் தனியாக ஒரு மெல்லிய கம்பி இழுக்க வேண்டும். இதை மறந்தவர்களே, மரத்துக்கு மாறியதும் கருவி இரைகிறது என்று வியக்கிறார்கள்.

நான்காவது, வலிமை. வளைத்த கம்பியாலான ஊஞ்சல் வடிவ டெயில்பீஸ் மலிவானது, இலேசானது. தகட்டு வகையில், உடலின் விளிம்பில் செங்கோணமாக மடங்கும் கீல்தான் பலவீனமான இடம். அங்கே கீறல் விட்டிருந்தால் தந்தியைத் தளர்த்திவிட்டு உடனே மாற்ற வேண்டும். 70 கிலோகிராம் இழுவிசையில் கீல் முறிந்தால் டெயில்பீஸ் கவண்கல் போலப் பாயும். பலகையைக் காயப்படுத்தும், கண்ணுக்கும் ஆபத்து. மர வகையைத் தாங்கும் கயிறு, வயலினுக்கு உரியதாக இருந்தால் போதாது. அதனினும் வலிய, செல்லோ வாத்தியத்துக்கு உரிய வகை தேவை. நைலான் கயிறு முதல் நாட்களில் சற்று நீளும் என்பதால் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பழைய கருவி வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அக்காலத்தில் விரல்காப்புத் தகடுகளைச் செல்லுலாய்டால் செய்தனர். அது முதுமையில் சிதைந்து அமில ஆவியை வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி டெயில்பீஸின் பொன்முலாமையும் தந்திகளையும் அரித்துவிடும். அரிக்கப்பட்ட டெயில்பீஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. நோய்க்கு மூலமான தகட்டை அகற்ற வேண்டும். கழற்றிய மூல உறுப்பைத் தூக்கியெறியாமல் பத்திரப்படுத்துவது நல்லது.

மாற்றும் வேலையிலும் ஒரு கவனம் தேவை. குதிரை ஒட்டப்படாதது ஆதலால், எல்லாத் தந்திகளையும் தளர்த்தியதும் அது நகர்ந்துவிடும். அதன் கால்கள் நிற்கும் இடத்தை முன்னதாகவே மெல்லிய ஒட்டுத்தாளால் குறித்துக்கொள்ள வேண்டும். இடம் சில மில்லிமீட்டர் தவறினாலும் மேல் கட்டங்களில் சுருதி பிசகும்.

அழுத்தப் பலகையாலான மலிவான கிட்டார்கள் இத்தனை நுட்பத்தை வேண்டுவதில்லை. ஒட்டுப்பலகை எளிதில் அமிழாது. செதுக்கிய மரத்திற்குத்தான் இந்த அக்கறை. அது ஒருமுறை அமிழ்ந்தால் பழையபடி எழுவதில்லை. ஆகவே கடையில் பளபளக்கும் டெயில்பீஸ்களைப் பார்க்கும் முன் அளவுகோலை எடுப்பதே முறை. எவ்வளவு இழுவிசை, எத்தனை பாகை, எத்தனை கிலோகிராம் என்ற மூன்று எண்களும் தெரிந்துவிட்டால், பித்தளையோ கருங்காலியோ, எஞ்சிய தேர்வை அவரவர் செவியிடமே விட்டுவிடலாம்.